இரண்டு பந்தயங்களில் ஒரு வீரரை அளந்துவிட முடியுமா?

ஃபார்முலா 1 அணிகளின் தலைவர்களுக்கும், பந்தய விதிகளை வகுக்கும் எஃப்ஐஏ நிர்வாகிகளுக்கும்,

2025 மார்ச் 27 அன்று லியாம் லாசன் ரெட் புல் காரிலிருந்து இறக்கப்பட்டார். அந்த அணிக்காக அவர் ஓட்டியிருந்தது இரண்டே பந்தயங்கள். அடுத்த 41-ஆம் நாள், மே 7 அன்று, ஜாக் டூஹனிடமிருந்து அல்பைன் காரைப் பறித்துக்கொண்டீர்கள். அந்த சீசனில் அவருக்குக் கிடைத்தவை ஆறு பந்தயங்கள். இரண்டு முடிவுகளையும் அறிவித்தபோது காரணம் சொன்னீர்கள். இப்போது சீசன் முடிந்து முழுக் கணக்கும் கையில் இருக்கிறது. சொன்ன காரணங்கள் அந்தக் கணக்கின் முன் நிற்கவில்லை. இதை என்னால் பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். எட்டு வயதில் கார்ட்டிங்கில் தொடங்கி, பத்தொன்பது வயது வரை பந்தயம் ஓட்டியவன் நான். ஃபார்முலா 1-இன் வாசல்படியை மிதித்ததில்லை. அதற்கு வெகு கீழே இருந்த ஒரு தொடரில், முதல் ஆண்டின் ஆறாவது பந்தயத்தோடு நிறுத்தப்பட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை தொலைபேசி ஒலித்தது. மூன்று நிமிடங்களில் பேச்சு முடிந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஓர் அட்டைப்பெட்டி வீட்டுக்கு வந்தது. அதற்குள் என் இருக்கை இருந்தது.

அந்த இருக்கை எப்படிச் செய்யப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீரரைக் காருக்குள் உட்கார வைத்து, அவர் முதுகுக்கும் காரின் உடலுக்கும் நடுவே ஒரு பையில் நுரைக் கலவையை ஊற்றுவார்கள். அது சூடாகிப் பொங்கி இறுகும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு அதை வெளியே எடுத்துச் செதுக்குவார்கள். தோள்பட்டை எலும்பு, இடுப்பின் சாய்வு, ஒரு பக்கம் சற்று உயர்ந்திருக்கும் விலா எல்லாம் அதில் பதிந்திருக்கும். வேறு எவருக்கும் அது பொருந்தாது. அதனால்தான் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பெட்டியை நான் பல ஆண்டுகள் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு இளம் பந்தய வீரர்களுக்குப் பயிற்சி அளிப்பதே என் தொழிலாகிவிட்டது. என் நாளின் பெரும்பகுதி கோடுகளைப் படிப்பதில் போகிறது. காரிலிருந்து வரும் தரவைத் திரையில் போட்டால், பிரேக் அழுத்தம் ஒரு கோடு, முடுக்கி ஒரு கோடு, ஸ்டியரிங் திருப்பம் ஒரு கோடு. ஒருவன் எங்கே துணிந்தான், எங்கே தயங்கினான் என்பதை அவன் வாயைவிட அந்தக் கோடுகள் நேர்மையாகச் சொல்லும். இந்த மடலில் நான் வைக்கும் முதல் சாட்சியே அந்தக் கோடுகள்தான்.

தன் இருக்கை போய்விடும் என்று பயப்படும் வீரனின் பிரேக் கோடு தனியாகத் தெரியும். நல்ல வீரன் வளைவுக்கு முன் ஒரே மிதியில் உச்ச அழுத்தத்தைத் தொட்டுவிட்டு, காரைத் திருப்பத் திருப்ப அந்த அழுத்தத்தைச் சீராக விட்டுக்கொண்டே போவான். கோடு செங்குத்தாக ஏறி, மெல்லச் சரிந்து இறங்கும். பயந்தவனின் கோடு அப்படி இறங்காது. இறங்கும் வழியில் ஒரு மேடு இருக்கும். காரின் பின்பக்கம் நழுவப் போகிறதோ என்ற ஐயத்தில் மீண்டும் ஒருமுறை மிதித்திருப்பான். அந்த இரண்டாவது மிதியில் முன் டயர்களின் பிடி குலைகிறது. கார் வளைவின் உட்புறத்தைத் தொடாமல் வெளியே போகிறது. முடுக்கியை அவன் தாமதமாக மிதிக்கிறான், பிறகு பதறி மீண்டும் எடுக்கிறான். ஒரு வளைவில் இதனால் நொடியில் இருபதில் ஒரு பங்குகூடப் போகாது. பதினைந்து வளைவுகளில் கூட்டிப் பாருங்கள். தகுதிச் சுற்றில் முதல் பத்துக்குள் வருவதற்கும் பதினெட்டாவது இடத்தில் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அதில் அடங்கிவிடும்.

இன்னொரு வகை பயமும் உண்டு. அதில் தயக்கமே இருக்காது. "இந்தச் சுற்றில் செய்து காட்டாவிட்டால் முடிந்தது" என்ற நினைப்போடு, முந்தைய சுற்றைவிடப் பத்து மீட்டர் தள்ளி பிரேக் பிடிப்பான். அந்தப் பத்து மீட்டருக்கு அவனிடம் எந்த ஆதாரமும் இருக்காது. கார் தடுப்புச் சுவரில் போய் நிற்கும். மறுநாள் எல்லோரும் அதை அனுபவமின்மை என்று எழுதுவார்கள். அனுபவமின்மையும் ஒரு காரணம்தான். ஆனால் அந்தப் பத்து மீட்டர், அவன் தலைக்கு மேல் தொங்கவிடப்பட்ட கெடுவிலிருந்து வந்தது.

ஆகவே, "அழுத்தத்தைத் தாங்க முடியாதவர்கள் இங்கே வரக்கூடாது" என்று நீங்கள் சொல்லும்போது என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதன் அழுத்தம், முன்னும் பின்னும் உலக சாம்பியன்களோடு ஓட்டுவதன் அழுத்தம், இவற்றைத் தாங்கித்தான் ஒவ்வொருவரும் கீழிருந்து ஏறி வந்தார்கள். நீங்கள் கூடுதலாக ஏற்றும் அழுத்தம் வேறு. அது ஓட்டத்தை மெருகேற்றுவதில்லை. கோட்டில் மேடுகளைத்தான் உண்டாக்குகிறது.

அடுத்து, கற்றுக்கொள்ள அவர்களுக்கு எவ்வளவு நேரம் தருகிறீர்கள் என்று பார்க்கலாம்.

2025 சீசனுக்கு முன் பஹ்ரைனில் மூன்று நாள் சோதனை ஓட்டம் நடந்தது. அணிக்கு ஒரே கார். இரண்டு வீரர்கள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஒன்றரை நாள். பழைய கார்களில் ஓட்டிப் பழகலாம் என்றால், அதற்கும் 2025 முதல் வரம்பு வந்துவிட்டது: பந்தயத்தில் ஓட்டும் வீரருக்கு ஆண்டுக்கு நான்கு நாள், மொத்தம் 1,000 கிலோமீட்டர். பத்தாண்டு அனுபவமுள்ளவருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே வரம்பு. உலகில் வேறு எந்த உயர்மட்ட விளையாட்டிலாவது, போட்டியில் பயன்படுத்தும் அதே கருவியோடு பயிற்சி செய்வது இந்த அளவுக்குத் தடுக்கப்பட்டிருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மீதி இருப்பது பந்தய வார இறுதியின் பயிற்சி நேரம். ஒரு மணி நேரப் பயிற்சி என்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நிறையத் தெரியும். அந்த ஒரு மணி நேரம் எப்படிக் கரைகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் சுற்று, கார் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. அடுத்த சில சுற்றுகள், காற்றோட்டத்தை அளக்கும் கம்பி வலைகளைக் கட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் போவதற்கு. பிறகு நடுத்தர டயரில் ஒரு ஓட்டம். கொட்டகைக்குத் திரும்பி இறக்கையின் கோணத்தை மாற்றி மீண்டும் ஒன்று. மென்மையான டயரில் தகுதிச் சுற்றைப் போல ஒன்று, அதிகம் போனால் இரண்டு சுற்று. மீதி நேரம் எரிபொருளை நிரப்பிக்கொண்டு நீண்ட ஓட்டம். யாராவது விபத்தில் சிக்கிச் சிவப்புக் கொடி ஏறினால், அந்த நிமிடங்கள் திரும்பி வராது. எல்லாம் போக, ஒரு புதிய வீரர் புதிய டயரில் உண்மையிலேயே முழு வேகத்தைத் தேடும் சுற்றுகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். முதன்மைப் பந்தயத்தோடு ஒரு குறும்பந்தயமும் நடக்கும் ஸ்பிரிண்ட் வார இறுதி என்றால் அந்த ஒரு மணி நேரத்தோடு பயிற்சி முடிந்தது. அன்றே தகுதிச் சுற்று. 2025-இல் சீசனின் இரண்டாவது பந்தயமான ஷாங்காயையே ஸ்பிரிண்ட் ஆக வைத்தீர்கள்.

லாசனின் கதையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள். மெல்போர்னில் இயந்திரக் கோளாறால் அவர் மூன்றாவது பயிற்சியை இழந்தார். தகுதிச் சுற்றில் 18-ஆவது இடம். ஷாங்காயில் ஒரு மணி நேரப் பயிற்சியோடு ஸ்பிரிண்ட் தகுதிச் சுற்று, கடைசி இடம். மறுநாள் முதன்மைப் பந்தயத்துக்கான தகுதிச் சுற்று, மீண்டும் கடைசி இடம். இவை நல்ல முடிவுகள் என்று நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. அவர் முழுப் புதியவரும் அல்லர், முன்பே 11 பந்தயங்கள் ஓட்டியவர். ஆனால் அடுத்து வரவிருந்தது எந்தத் தடம்? சுசூகா. 2023-இல் ஜப்பானின் சூப்பர் ஃபார்முலாவில் ஓட்டி, தொடரில் இரண்டாம் இடம் பிடித்தவர் லாசன். சுசூகா அந்தத் தொடரின் தடம். சீசன் தொடங்கிய பிறகு அவருக்குப் பழக்கமான மண் என்று ஒன்று வந்தது அங்கேதான். அதற்குச் சில நாட்கள் முன்பு அவரை இறக்கிவிட்டீர்கள்.

பலன் என்ன? அவருக்குப் பதிலாக ஏற்றப்பட்ட யூகி சுனோடா நான்கு ஆண்டு அனுபவம் கொண்டவர். அந்த ரெட் புல் காரில் மீதமிருந்த 22 பந்தயங்களில் அவர் எடுத்த புள்ளிகள் 30. அதே காலத்தில் ரெட் புல்லின் துணை அணியான ரேசிங் புல்ஸுக்கு அனுப்பப்பட்ட லாசன் 38 புள்ளிகள் எடுத்தார். பாக்குவில் ஐந்தாவதாக வந்தார். கார்கள் வேறு, எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது, தெரியும். சுனோடாமீதும் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவரையும் ஆண்டு முடிவில் இறக்கிவிட்டீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். அனுபவமுள்ளவராலும் அந்தக் காரை அடக்க முடியவில்லை என்றால், இரண்டு பந்தயங்களில் நீங்கள் கண்டுபிடித்தது வீரரின் குறையையா, காரின் குறையையா? 2019-இல் அதே இருக்கையிலிருந்து 12 பந்தயங்களோடு இறக்கப்பட்ட பியர் காஸ்லி, அடுத்த ஆண்டு செப்டம்பரில் சிறிய அணியின் காரில் மோன்சாவில் வென்றார். அந்த அனுபவத்துக்குப் பிறகும் பொறுமை 12-இலிருந்து 2-ஆகக் குறைந்திருக்கிறது.

டூஹனின் விஷயம் எனக்கு இன்னும் வலிக்கிறது. சுசூகாவில் முதல் பயிற்சியில் அவர் காரை வேறொருவருக்குக் கொடுத்தீர்கள். ஃபார்முலா 1 காரில் அந்தத் தடத்தை அறியாத ஒரு முதலாண்டு வீரர், சக வீரர்கள் ஒரு மணி நேரம் ஓட்டுவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பயிற்சியில் காரில் ஏறிய சில நிமிடங்களில், பின் இறக்கையைத் திறந்து வைக்கும் டிஆர்எஸ்ஸை மூடாமலே முதல் வளைவுக்குள் நுழைந்து, பயங்கரமான வேகத்தில் தடுப்பில் மோதினார். மூடாதது அவர் தவறு. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் முதல் பயிற்சி எதற்காக இருக்கிறது? எந்த இடத்தில் எது செல்லும், எது செல்லாது என்பதைக் குறைந்த வேகத்திலிருந்து படிப்படியாகத் தொட்டுப் பார்க்கத்தானே? அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, தவறை மட்டும் அவர் பெயரில் எழுதினீர்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அவர் எதிர்கொண்ட கேள்வி, "உங்கள் இடத்துக்கு எப்போது ஆள் மாற்றுவார்கள்?" என்பதுதான். சீசன் தொடங்கும் முன்பே ஃபிரான்கோ கொலபின்டோவை அணி மாற்று வீரராக எடுத்துவைத்திருந்ததால் அந்தக் கேள்வி முதல் நாளிலிருந்தே அங்கே நின்றது. நான் என் மாணவர்களிடம் சொல்வதுண்டு: கண் எங்கே போகிறதோ கார் அங்கே போகும். சுவரைப் பார்த்தால் சுவருக்குத்தான் போகும். அந்த இளைஞரை ஆறு பந்தயங்களும் சுவரைப் பார்த்தே ஓட்ட வைத்தீர்கள். பதிலாக வந்த கொலபின்டோவாலும் ஆண்டு முடியும்வரை ஒரு புள்ளி எடுக்க முடியவில்லை. அணியின் 22 புள்ளிகளையும் எடுத்தவர், இப்போது அல்பைனின் இன்னொரு வீரராக இருந்த காஸ்லி ஒருவரே. கார் பின்தங்கியிருந்த ஆண்டு அது. இருக்கையில் ஆளை மாற்றியதால் கார் வேகமாகிவிடவில்லை.

மெல்போர்ன் பந்தயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மார்ச் 16, ஈரத் தடம். ஈசாக் ஹஜார் பந்தயம் தொடங்கும் முன்பே, அணிவகுப்புச் சுற்றிலேயே சுழன்று சுவரில் மோதினார். அவருடைய முதல் ஃபார்முலா 1 பந்தயம் ஒரு சுற்றுகூடத் தொடங்காமல் முடிந்தது. தலைக்கவசத்தைக் கழற்றாமல் அழுதுகொண்டே நடந்து வந்தார். லூயிஸ் ஹாமில்டனின் தந்தை ஆந்தனி ஹாமில்டன் எதிரே போய் அவரை அணைத்துக்கொண்டார். அந்தக் காட்சியைப் பார்த்தபோது என் அட்டைப்பெட்டி நினைவுக்கு வந்தது. எனக்கும் அழுகை வந்தது. அதே நாளில், அந்த வீரரை வளர்த்த ரெட் புல் நிறுவனத்தின் அப்போதைய ஆலோசகர் ஹெல்முட் மார்கோ, தொலைக்காட்சியில் அந்த அழுகையைச் சங்கடமான காட்சி என்று சொன்னார்.

அன்று டூஹன் முதல் சுற்றில் மோதினார். இன்னொரு புதியவரான கேப்ரியல் போர்டோலெட்டோவும் லாசனும் பிற்பாதி மழையில் வெளியேறினார்கள். இளம் வீரர்கள் தயாராகவில்லை என்று உடனே பேச்சு எழுந்தது. அதே ஈரத்தில் அனுபவமுள்ள கார்லோஸ் சைன்ஸும் மோதினார், பாதுகாப்புக் காரின் பின்னால் போகும்போது. இரண்டு முறை உலக சாம்பியனான ஃபெர்னாண்டோ அலோன்சோவும் மோதினார். அவர்கள் இருக்கையைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசியிருக்கவும் கூடாது. ஈரத் தடம் எவரையும் வீழ்த்தும் என்பதற்கு அவர்களே சாட்சி. அந்த நியாயம் பத்தொன்பது, இருபது வயதினருக்கும் வேண்டும் என்கிறேன். அதே பந்தயத்தில் 16-ஆவது இடத்திலிருந்து தொடங்கி நான்காவதாக வந்தவரும் ஒரு புதியவர்தான், பதினெட்டு வயது கிமி அன்டோனெல்லி. தங்கள் விவாதத்துக்குத் தேவையில்லாதபோது அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அழுத ஹஜார் பிறகு என்ன ஆனார்? இருக்கையைப் பறிக்காமல் விட்டார்கள். ஆகஸ்ட் 31 அன்று ஸாண்ட்வூர்ட்டில் மூன்றாவதாக வந்து மேடை ஏறினார். மெல்போர்னில் மோதிய போர்டோலெட்டோ ஹங்கேரியில் ஆறாவதாக வந்தார். இன்னொரு முதலாண்டு வீரரான ஆலிவர் பேர்மன், செப்டம்பரில் தண்டனைப் புள்ளிகள் பத்துவரை ஏறி, பன்னிரண்டைத் தொட்டால் ஒரு பந்தயத் தடை என்ற விளிம்பில் ஓட்டிக்கொண்டிருந்தவர். மெக்சிகோவில் நான்காவதாக வந்தார். இவர்களில் ஒருவரும் மே மாதத்தில் இந்த இடத்தில் இல்லை. மே மாதத்தில் அளந்திருந்தால் மூவரையும் இழந்திருப்பீர்கள்.

அன்டோனெல்லியின் ஆண்டை நான் என் மாணவர்களுக்குப் பாடமாகவே வைத்திருக்கிறேன். 2024 ஆகஸ்ட் 30, மோன்சா. முதன்முறையாக ஒரு பந்தய வார இறுதிப் பயிற்சியில் ஓட்டியவர், பத்து நிமிடங்களில் பரபோலிகா வளைவில் காரை உடைத்தார். மறுநாள் காலை மெர்சிடிஸ் அவரையே 2025-க்கான வீரராக அறிவித்தது. அணி அன்று எடுத்த முடிவின் உண்மையான சோதனை அடுத்த கோடையில் வந்தது. இமோலா முதல் ஹங்கேரி வரை எட்டுப் பந்தயங்களில் இரண்டில் மட்டும் புள்ளி. நான்கு பந்தயங்களை முடிக்கவே இல்லை. அந்த நான்கையும் பிரித்துப் பாருங்கள்: இமோலாவிலும் ஸ்பெயினிலும் கார் பழுதானது. சில்வர்ஸ்டோனில் பின்னாலிருந்து வேறொரு கார் மோதியது. ஆஸ்திரியாவில் மட்டுமே அவர் தவறு. பட்டியலில் நான்கும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும். இமோலாவில் கொண்டுவந்த புதிய பின் சஸ்பென்ஷன் காரின் நிலைத்தன்மையைக் கெடுக்கிறது என்று அணியே பிறகு உணர்ந்து ஹங்கேரியில் பழையதற்குத் திரும்பியது. அதுவரை அந்த இளைஞர் தன்னையே சந்தேகித்துக்கொண்டிருந்தார். பெல்ஜியத்தில் கண்ணீரோடு நின்றார். நடுவே ஜூன் மாதத்தில் பள்ளி இறுதித் தேர்வும் எழுதினார். அணி அவரைக் கைவிடவில்லை. பிரேசிலில் இரண்டாவதாக வந்தார், ஆண்டை 150 புள்ளிகளோடு முடித்தார்.

இங்கே ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். அணிகளுக்கிடையே பகிரப்படும் பரிசுப் பணம் தரவரிசையைப் பொறுத்தது, செலவு வரம்புக்குள் உடைந்த கார்களுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும், ஆயிரம் பேரின் வேலை இதை நம்பி இருக்கிறது, இது பள்ளிக்கூடம் அல்ல என்பீர்கள். அந்தப் பணத்தைத் தீர்மானிக்கும் புள்ளிக் கணக்கைத்தான் மேலே காட்டினேன். லாசனை மாற்றியதிலும் டூஹனை மாற்றியதிலும் அந்தப் பணம் வந்து சேரவில்லை. காலம் கொடுத்தும் தேறாதவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறுக்கமாட்டேன். லோகன் சார்ஜென்ட் வில்லியம்ஸ் அணியில் ஒன்றரை ஆண்டு ஓட்டினார். ஆனால் அவருக்கும் 2024-இல் மெல்போர்னில் என்ன நடந்தது? சக வீரர் அலெக்ஸ் ஆல்பன் வெள்ளிக்கிழமை காரை உடைத்தார். அணியிடம் உதிரிச் சட்டகம் இல்லை. மோதாத சார்ஜென்ட்டின் காரை எடுத்து மோதியவரிடம் கொடுத்தார்கள். ஒரு வீரரிடம் "உன்மேல் எங்களுக்கு நம்பிக்கை இல்லை" என்று சொல்ல அதைவிட உரக்க ஒரு வழி இல்லை. அதன் பிறகு அவரிடமிருந்து துணிச்சலான ஓட்டத்தை எதிர்பார்த்திருக்கிறீர்கள்.

இது பள்ளிக்கூடம் அல்ல என்பதும் சரியில்லை. முன்பு இது பள்ளிக்கூடமாகவும் இருந்தது. ஃபெலிப்பே மாசா 2002-இல் சாபர் அணியில் அறிமுகமானார். வேகமும் இருந்தது, அடிக்கடி தடத்தைவிட்டு ஓடுவதும் இருந்தது. ஆண்டு முடிவில் அவரை நீக்கினார்கள். ஆனால் 2003 முழுவதும் ஃபெராரியின் சோதனை வீரராக ஓட்டினார். கேமராக்கள் இல்லாத தடங்களில், தரவரிசை இல்லாத நாட்களில், சுற்றுக்குச் சுற்று தன் ஓட்டத்தைச் செதுக்கிக்கொண்டார். 2004-இல் திரும்பி வந்தார். 2008-இல் ஒரே ஒரு புள்ளியில் உலக சாம்பியன் பட்டத்தைத் தவறவிட்டார். அந்தப் பாதையை 2009-இல் சீசன் நடுச் சோதனை ஓட்டங்களுக்குத் தடை விதித்து நீங்கள் அடைத்தீர்கள். செலவைக் குறைக்க எடுத்த அந்த முடிவின் நியாயம் எனக்குப் புரிகிறது. அந்தச் செலவை இப்போது யார் தலையில் கட்டியிருக்கிறீர்கள் என்பதைத்தான் நீங்கள் பார்க்கவில்லை. தடை வந்த அதே ஆண்டின் நடுவில், பத்தொன்பது வயதில் களமிறக்கப்பட்டவர் ஹைமே அல்குவெர்சுவாரி. 2011 முடிவில் இருக்கையை இழந்தார். 25 வயதில் பந்தய விளையாட்டையே விட்டுப் போனார்.

வார்த்தைகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 2025 நவம்பர் 30, கத்தார். பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளில் அன்டோனெல்லி தடுமாறித் தடத்தைவிட்டு விலகியபோது லாண்டோ நோரிஸ் அவரைக் கடந்தார். சாம்பியன் பட்டப் போட்டி நடுவே நடந்த அந்தத் தடுமாற்றத்தை, வேண்டுமென்றே வழிவிட்டது போல ரெட் புல் அணியினர் பேசினார்கள். பிறகு அது தவறு என்று அந்த அணி வருத்தம் தெரிவித்தது. அதற்குள் பத்தொன்பது வயது இளைஞருக்குக் கொலை மிரட்டல்கள் குவிந்துவிட்டன. கெட்ட வார்த்தை பேசும் வீரர்களுக்கு அபராதப் பட்டியல் வகுத்த எஃப்ஐஏ, பொறுப்பில் இருக்கும் ஒருவர் ஆதாரமில்லாமல் ஒரு வீரரின் நேர்மையைச் சந்தேகித்தால் என்ன செய்யும் என்று எங்கும் இதே அழுத்தத்தோடு எழுதி வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

என் கோரிக்கைகள் இவை.

அணித் தலைவர்களே, முதலாண்டு வீரரை ஒப்பந்தம் செய்யும்போது குறைந்தது 12 பந்தயங்களுக்கு, அதாவது 24 பந்தயங்கள் கொண்ட சீசனில் பாதிக்கு, அவர் இருக்கையை உறுதிசெய்யுங்கள். உடல்நலமும் பாதுகாப்பும் மட்டுமே விதிவிலக்காக இருக்கட்டும். வீரர் ஒப்பந்தங்களைப் பதிவுசெய்ய ஜெனிவாவில் ஏற்கெனவே ஒப்பந்த அங்கீகார வாரியம் இருக்கிறது. இந்த உறுதிமொழி இல்லாத முதலாண்டு ஒப்பந்தத்தை அந்த வாரியம் பதிவுசெய்யக் கூடாது என்று எஃப்ஐஏவும் நீங்களும் சேர்ந்து விதி வகுக்க வேண்டும். இருக்கை உறுதி என்று தெரிந்த பிறகு ஒரு இளைஞரின் பிரேக் கோடு எப்படி மாறுகிறது என்பதை உங்கள் பொறியாளர்களிடமே கேளுங்கள்.

முதலாண்டு வீரரின் பயிற்சி நேரத்தை எந்தக் காரணத்துக்காகவும் வேறொருவருக்குக் கொடுக்காதீர்கள். இளம் வீரர்களுக்கு ஆண்டுக்குச் சில முறை முதல் பயிற்சியைக் கொடுக்க வேண்டும் என்ற விதி நல்ல விதிதான். அதை அனுபவமுள்ள வீரரின் காரில் நிறைவேற்றுங்கள். மாற்று வீரரைச் சோதிக்க வேண்டுமானாலும், விளம்பர ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டுமானாலும், அதே காரில் செய்யுங்கள்.

எஃப்ஐஏ நிர்வாகிகளே, பழைய கார்ச் சோதனைக்கான நான்கு நாள், 1,000 கிலோமீட்டர் வரம்பிலிருந்து முதலாண்டு வீரர்களை விலக்குங்கள். சீசன் நடுவே அவர்களுக்கு மட்டும், அந்த ஆண்டின் காரிலேயே, இரண்டு நாள் சோதனை ஓட்டம் கொடுங்கள்; ஏதாவது ஒரு பந்தயம் முடிந்த மறுநாளே அதே தடத்தில் நடத்தினால் பயணச் செலவும் கூடாது. சீசனின் முதல் நான்கு பந்தயங்களில் ஸ்பிரிண்ட் வைக்காதீர்கள்.

ஒரு வீரர் வேண்டுமென்றே வழிவிட்டார் என்று அணிப் பொறுப்பில் இருக்கும் எவராவது ஆதாரமின்றிப் பொதுவெளியில் சொன்னால், வீரர்களின் கெட்ட வார்த்தைக்கு விதிக்கும் அதே அளவு அபராதத்தை அவருக்கும் விதியுங்கள். விபத்துக்குள்ளாகி வரும் முதலாண்டு வீரரை, மருத்துவர் பார்த்து முடித்து அவரே பேசத் தயார் என்று சொல்லும்வரை, கேமரா முன் நிறுத்தும் கடமையிலிருந்து விடுவியுங்கள்.

2026 சீசனில் கார்களும் இயந்திரங்களும் முற்றிலும் புதியவை. அதில் அறிமுகமாகும் ஆர்விட் லிண்ட்பிளாட்டுக்குச் சீசன் தொடங்கும்போது வயது பதினெட்டு. மேலே கேட்டவற்றில் முதல் இரண்டையும் அவர் விஷயத்தில் இப்போதே, விதி மாறும்வரை காத்திராமல், எழுத்தில் கொடுக்கும்படி அவருடைய அணியைக் கேட்டுக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு, முதல் பந்தயத்துக்கு விளக்கு அணைவதற்கு முன், ஆம் அல்லது இல்லை என்று காரணத்தோடு ஒரு பதிலை நீங்கள் பகிரங்கமாகத் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஆறாவது பந்தயத்தோடு நிறுத்தப்பட்ட ஒரு முன்னாள் வீரன், இன்றைய பயிற்சியாளன்